பறையில் மொத்தமே மூன்று அடிதானா?

கேள்வி | 02.06.2024

வயது 38. பள்ளியில் பேண்டு வாத்தியக் குழுவில்கூட இருந்ததில்லை. தாளம் என்றால் கைதட்டத் தெரியும், அவ்வளவுதான். பறை பழக ஆசை. "மொத்தமே மூன்று அடிதான், ஒரு சனி ஞாயிறில் பழகிவிடலாம்" என்கிறான் நண்பன். உண்மையா? வாங்குவதென்றால் தோல் பறையா, ஃபைபரா?

02.06.2024, இரவு

மூன்றுதான். உங்கள் நண்பர் சொன்னதில் பொய் இல்லை. வலது கையில் பிடிப்பது அடிக்குச்சி. கட்டையாக, ஒரு சாணுக்கும் குறைவான நீளத்தில் இருக்கும். அதைக் கொண்டு தோலின் நடுவில் அடித்தால் ஒன்று. இடது கையில் சிண்டுக்குச்சி. மூங்கிலைச் சீவி மெல்லிசாக்கியது, அடிக்குச்சியைவிட நீளம், வளைந்து கொடுக்கும். அது முழு நீளத்துக்கும் தோலில் படுத்து அறைந்தால் இரண்டு. இரண்டு குச்சியும் ஒன்றாக விழுந்தால் மூன்று. எங்கள் மாஸ்டர் இவற்றுக்குக் கு, த, தீம் என்று சொல் வைத்திருக்கிறார். நீங்கள் போகும் இடத்தில் வேறு சொல் இருக்கலாம், அங்கே என்ன சொல்கிறார்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகுப்பிலேயே மூன்றும் வந்துவிடும். எனக்கும் வந்தது. பக்கத்தில் நின்ற பொடியனுக்கு என்னைவிட நன்றாகவே வந்தது. அன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது எல்லோர் முகத்திலும் ஒரு தெம்பு. அடுத்த வகுப்பில் அந்த மூன்றையும் கோத்து, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே அடிக்கச் சொல்வார்கள். தெம்பு அங்கே இறங்கும்.

நான் யார் என்றால்: நாற்பதைத் தாண்டித் தொடங்கியவள், கணக்கு எழுதும் வேலை, சென்னைவாசி, பூர்வீகம் திண்டுக்கல் பக்கம். மேடைக் கலைஞர் இல்லை. அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

வாங்குவது பற்றி: இப்போது எதுவும் வாங்காதீர்கள். பழகுவதற்குப் பறையை வகுப்பிலேயே தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். குச்சி மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

03.06.2024

யூடியூப் போதாதா என்று இன்னொருவர். ஒரு அடி எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளப் போதும். பழக எனக்கு உதவவில்லை. வீடியோவில் இருப்பவர் நம்மைப் பார்த்து நிற்கிறார், அவருடைய வலது நமக்கு இடது. அது பரவாயில்லை, சமாளித்துவிடலாம். பெரிய தொல்லை சத்தம். பறையின் சத்தத்தை ஃபோன் மைக் அப்படியே நசுக்கிவிடுகிறது. சிண்டுக்குச்சி அறைவதும் அடிக்குச்சி இறங்குவதும் ஒரே 'டப்'பாகக் கேட்கும். எதிரில் நின்று கேட்டால் இரண்டும் வேறு வேறு என்று வயிற்றுக்கே தெரியும்.

09.06.2024

இடது மணிக்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

பறை தோளிலிருந்து வாரில் தொங்குகிறது. அதை உடம்போடு அணைத்துப் பிடிப்பது இடது கை. சட்டத்தின் மேல்விளிம்பில் மணிக்கட்டு உட்கார்ந்திருக்க, விரல்கள் பறையின் முகத்துக்கு முன்னால் தொங்கி சிண்டுக்குச்சியை ஆட்ட வேண்டும். அதாவது ஒரே கை பிடிக்கவும் வேண்டும், அடிக்கவும் வேண்டும். புதிதாக வருபவருக்குப் பறை நழுவிவிடுமோ என்று பயம். பயத்தில் கை இறுகும், விரலும் சேர்ந்து இறுகும். இறுகினால் குச்சியின் நுனி மட்டும் தோலைத் தொடும். வரும் சத்தம் 'டிக்'. வர வேண்டியது 'சளார்'.

இதற்கு மாஸ்டர் செய்யும் வைத்தியம் எளிமையானது. வாரின் நீளத்தைச் சரிசெய்து, இரண்டு கையையும் தொங்கவிடச் சொல்வார். பறை தானாக நிற்கிறதா பார். நிற்கிறது அல்லவா? அப்புறம் எதற்கு இவ்வளவு இறுக்கம்? சுண்டு விரலையும் மோதிர விரலையும் தளர்த்து. அவ்வளவுதான். சொல்வதற்கு ஒரு நிமிடம், என் விரல்கள் அதற்கு ஒப்புக்கொள்ள மழைக்காலம் வரை ஆனது.

முழங்கைக்குக் கீழே முதல் சில வாரம் இழுத்துப் பிடிக்கும். அது பழகாத வலி, போய்விடும். மணிக்கட்டு மூட்டிலேயே சுருக்கென்று குத்தினால் அது வேறு. அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

10.06.2024

இடது கைப் பழக்கம் உள்ளவர் கேட்டிருக்கிறார். மாற்றிப் போட்டுக்கொண்டு அடிக்கலாம், யாரும் பிடித்து உள்ளே போட மாட்டார்கள். ஆனால் வரிசையில் நிற்கும்போது உங்கள் முழங்கையும் பக்கத்து ஆள் முழங்கையும் மல்லுக்கு நிற்கும். எங்கள் குழுவில் ஒரு தம்பி எல்லோரையும் போல வலதிலேயே பழகினான். சிண்டுக்குச்சி எங்கள் எல்லோரையும்விட அவனுக்குத்தான் முதலில் படிந்தது. நியாயம்தானே, அவனுடைய கெட்டிக்காரக் கையில் அல்லவா இருக்கிறது.

23.06.2024

மேலே இடது கைதான் எல்லாம் என்பது போல எழுதியிருக்கிறேன். இந்த மாதம் சேர்ந்த புது ஆட்களை ஓரமாக நின்று கவனித்தேன். இப்போது கேட்டால் கால்தான் முதலில் என்பேன்.

பறையை உட்கார்ந்து பழகினால் ஏதோ பாதியை விட்டுவிட்டுப் பழகுகிற மாதிரிதான். அடியும் ஆட்டமும் சேர்ந்தே பிறக்கின்றன. கால் எங்கே விழுகிறதோ அங்கேதான் தாளம் இருக்கிறது, கை அதற்கு இடையில் உள்ள இடத்தை நிரப்புகிறது. உதாரணமாக 'தீம் த கு, தீம் த கு'. ஒவ்வொரு தீமுக்கும் ஒரு கால். வலது, இடது, வலது, இடது. ஆறு எண்ண வேண்டியதே இல்லை, நடந்தால் ஆறு வந்துவிடும். ஒன்று இரண்டு மூன்று என்று உதடு அசைய எண்ணிக்கொண்டு அடிப்பவர் (கணக்கெழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி அதிகம்) நாலாவது சுற்றில் கண்டிப்பாக எங்காவது இடிப்பார்.

கையை முதலில் பழகி, அப்புறம் காலைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எல்லோருமே நினைக்கிறார்கள். சேராது. கை ஒரு வேகத்தில் கெட்டிப்பட்ட பிறகு கால் உள்ளே வந்தால் இரண்டும் சண்டை போடும், நாம் நடுவில் மாட்டுவோம். பறையே இல்லாமல், வாயில் சொல்லிக்கொண்டு நடந்து பழகுவது நல்லது. நான் ரயில் நிலையத்தில் நடந்து பழகினேன். தாம்பரம் வண்டிக்காக நிற்பவர்கள் யாரும் யாரையும் கவனிப்பதில்லை.

24.06.2024

வாயால் சொல்வது என்றதும் ஒருவர், "வகுப்பில் எல்லோர் முன்னாலும் கத்த வெட்கமாக இருக்கிறது" என்கிறார். டண்டணக்கா என்று நீங்கள் சொன்னதே இல்லையா? தமிழ்நாட்டில் பிறந்த எந்தக் குழந்தையும் அதைச் சொல்லாமல் வளர்ந்ததில்லை. கிண்டலாகச் சொன்னதுதான், இருக்கட்டும். ஆறெட்டு நடை (6/8, ஆறு ஆறாக ஓடும் தாளம்) ஏற்கெனவே வாயில் இருக்கிறது. அது கைக்கு வர வேண்டும், அவ்வளவே.

07.07.2024

தோலா, ஃபைபரா. இதற்கு நீளமாகப் பதில் எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

பழைய முறைப் பறையின் சட்டம் மரம். வேம்பு அதிகம் புழங்குகிறது. ஒரே வளையமாகக் குடைந்தது இல்லை. வளைவாக அறுத்த மூன்று துண்டுகளைச் சேர்த்து, மூட்டுகளில் தகடு அடித்திருப்பார்கள். அதன் மேல் மாட்டுத்தோலை இழுத்து ஒட்டுவார்கள். பசை புளியங்கொட்டையில் காய்ச்சியது. திருகாணி எதுவும் கிடையாது. தளர்ந்தால் ஏற்ற ஒரே வழி சூடு.

ஃபைபர் என்று நாம் சொல்வதில் முகம் பிளாஸ்டிக் தகடு. சுற்றிலும் திருகாணி, ஸ்பேனரால் முடுக்கிக்கொள்ளலாம். மழையா, பனியா, கவலை இல்லை. சத்தம் கூர்மையாக, எட்டத்துக்குக் கேட்கும். பேருந்து பிடித்துப் போய், இறங்கியவுடன் அடிக்க வேண்டிய குழுக்களுக்கு இது வரப்பிரசாதம். அதைக் குறைவாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். சாயங்காலம் மூன்று இடத்தில் நிகழ்ச்சி வைத்துக்கொண்டு நெருப்பு மூட்ட இடம் தேடி அலைகிறவரிடம் போய் மரபு பேசிப் பாருங்கள்.

ஆனால் கற்பதற்குத் தோல் நல்லது. அடிக்குச்சி விழுந்ததும் தோல் அதை மேலே தள்ளிவிடும், அடுத்த அடிக்குக் கை தானாக எழும். அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டால் பாதிப் பலம் போதும். முடுக்கிய பிளாஸ்டிக் முகத்தில் குச்சி கொஞ்சம் அதிகமாகவே துள்ளும், புதுக் கை அதை அடக்கப் பார்த்து இறுகும். எனக்கு அப்படித்தான் படுகிறது. ஃபைபரிலேயே தொடங்கி அருமையாக அடிப்பவர்களும் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள்.

21.07.2024

கடற்கரையில் வகுப்பு நடத்தும் குழுவில் சேரலாமா என்ற கேள்விக்கு: தாராளமாக. அக்கம்பக்கத்தார் தொல்லை இல்லை, மணலில் கால் வைத்துப் பழகினால் தரையில் இறகாகிவிடும். ஒன்றுதான். காலைக் கடற்காற்றில் தோல் பறை ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். அடித்தால் 'பொத்' என்று அட்டைப் பெட்டி மாதிரி கேட்கும். உங்கள் அடி சரியில்லை என்று நொந்துகொள்ளாதீர்கள். வெயில் ஏறட்டும்.

18.08.2024

இது வேறு விஷயம். பிடிக்காதவர்கள் அடுத்த குறிப்புக்குப் போகலாம். ஆனால் பறை பழகுபவர் யாரும் இதைத் தாண்டிப் போய்விட முடியாது என்பது என் அபிப்பிராயம்.

முதன்முதலாக ஒரு பறையை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மா வாசலிலேயே நிறுத்தினாள். "ஏண்டி, சாவுக்கு அடிக்கிறதைப் போய் உள்ள கொண்டு வர்ற? மாடியிலயே வை." கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். மழையில் நனைந்த குடையை உள்ளே கொண்டுவராதே என்பாளே, அந்தக் குரல். அதுதான் எனக்கு உறைத்தது.

மாஸ்டர் என்னைவிட வயதில் சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். இதை அவரிடம் சொன்னபோது சிரித்தார். அவர் அப்பாவுக்குப் பறை ஒரு கலையாக வாய்க்கவில்லை. ஊரில் சாவு விழுந்தால் போயாக வேண்டும். கூலி பேச முடியாது, காய்ச்சல் என்றாலும் வரவில்லை என்று சொல்ல முடியாது. அவருடைய அண்ணன் இன்றுவரை பறையைத் தொடுவதில்லை. தம்பி கற்றுக்கொடுக்கும் இடத்துக்கும் வருவதில்லை. "அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்குக்கா" என்றார்.

நியாயம் இருக்கிறது. சென்ற நூற்றாண்டில் ஊர் ஊராகப் 'பறையடிக்க மாட்டோம்' என்று மறுத்ததும், சில இடங்களில் பறையைக் கொளுத்தியதும் சுயமரியாதைக்காக. 1990களிலிருந்து தலித் கலை விழாக்களில் அதே பறை விடுதலையின் இசையாக மேடை ஏறியதும் சுயமரியாதைக்காகவே. இரண்டையும் ஒரே குடும்பத்தில் அண்ணனும் தம்பியுமாகப் பார்க்கிறேன்.

தண்டோராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் பறையடித்து அறிவிப்புச் சொல்லும் அந்த வழக்கத்தை நிறுத்தும்படி தமிழக அரசு 2022இல்தான் மாவட்ட ஆட்சியர்களுக்குச் சொன்னது. ஒலிபெருக்கி வந்து எத்தனை காலம் ஆகிறது!

19.08.2024

"கலைக்குச் சாதி ஏது, இங்கே எதற்கு இந்தப் பேச்சு" என்று கேட்டவருக்கு: கலைக்கு இல்லாமல் இருக்கலாம், அடிக்கச் சொன்ன ஊருக்கு இருந்தது. நாம் கடற்கரையில் அடித்தால் செல்ஃபி எடுக்க வருகிறார்கள். அதே அடியை ஒரு தெருமுனையில் சாவுக் கூலிக்கு அடிப்பவரை இன்னும் ஒருமையில்தான் கூப்பிடுகிறார்கள். பழக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழகுங்கள். யாரிடம் பழகுகிறீர்களோ அவருக்குக் கேட்ட தொகையைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். மேடை ஏறினால் அவர் பெயரைச் சொல்லுங்கள். "நாட்டுப்புற டிரம் ஒர்க்‌ஷாப்" என்று போர்டு வைத்து, பறை என்ற சொல்லையே விழுங்கிவிடும் இடத்துக்கு நான் போக மாட்டேன்.

01.09.2024

சத்தத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை, நானே சொல்கிறேன். திறந்தவெளிக்காகப் பிறந்த கருவி இது. ஆறேழு பேர் ஒரு மூடிய ஹாலில் நின்று அடித்தால் காதுக்குள் விசில் அடிக்கும். பஞ்சு வைத்தால் பத்தாது, கடையில் விற்கும் காதடைப்பான் வையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் பழக: தலையணை வேண்டாம். குச்சி அதில் விழுந்து அப்படியே படுத்துக்கொள்ளும், கைதான் அதைத் தூக்க வேண்டியிருக்கும். தோலில் அப்படி இல்லை. பழைய ரப்பர் மவுஸ் பேட் ஒன்றைக் கனமான புத்தகத்தின் மேல் ஒட்டினால் கொஞ்சம் துள்ளல் கிடைக்கும். சிண்டுக்குச்சிக்கு அதுகூட ஒத்துவராது. அதற்கு நிமிர்ந்து நிற்கும் முகம் வேண்டும். நான் அலமாரிக் கதவைப் பயன்படுத்தினேன். வீட்டில் அதற்கு வரவேற்பு இல்லை.

15.09.2024

அடிகளின் பெயர்ப் பட்டியல் கேட்டிருந்தீர்கள். இங்கே அடி என்றால் அந்த மூன்றையும் கோத்து அடிக்கும் தாள வகை. சப்பரத்து அடி, டப்பா அடி, பாடம் அடி, ஒத்தையடி, ஜாயிண்ட் அடி, மருள் அடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி, வாழ்த்தடி, சினிமா அடி. இன்னும் உண்டு. சினிமா அடியைச் சேர்த்துக்கொண்ட மனசு எனக்குப் பிடிக்கும். புதிதாக எது காதில் விழுந்தாலும் எடுத்துப் பட்டியலில் போட்டுக்கொள்ளும் கலை இது.

பெயரிலேயே இடமும் இருப்பதைப் பாருங்கள். சப்பரம் நகரும்போது ஒன்று, சாமி சாட்டும்போது ஒன்று, மாரடித்து அழும்போது ஒன்று. இவை அத்தனையும் அந்த மூன்று அடிகளில்தான் நடக்கின்றன. எது எங்கே என்று தெரியாமல் கல்யாண வீட்டில் மாரடிப்பை எடுத்துவிட்டால் பெரியவர்கள் முகம் மாறிவிடும். உங்களுக்கு மட்டும்தான் ஏன் என்று தெரியாது.

16.09.2024

"ஐயாயிரம் வருடக் கருவி" என்றெல்லாம் எழுதுகிறார்கள். தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள் வரிசையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று சொல்லிப் பறையையும் வைக்கிறது. அது போதும், அதற்கு மேல் ஆண்டுக்கணக்கு ஏற்றத் தேவையில்லை. அதிலும் அந்தக் காலத்தில் பறை என்றால் பலவகைத் தோற்கருவிகளுக்கும் பொதுப்பெயர். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட் பறை என்று நிலத்துக்கு ஒன்றாக உண்டு. நம் தோளில் தொங்குவதும் அதுவும் ஒன்றேதான் என்று சத்தியம் செய்ய வேண்டாம்.

10.11.2024

மழை. இப்போதுதான் பறை காய்ச்சுவதைப் பற்றி எழுத நேரம்.

தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும், தளர்ந்தால் சுருதி இறங்கும். சூடு காட்டினால் ஈரம் போய்த் தோல் இறுகும், சுருதி ஏறும். வைக்கோல், காய்ந்த ஓலை, பழைய செய்தித்தாள், எது கிடைக்கிறதோ அதைக் கொளுத்துவார்கள். நின்று கனலும் தணல் வேண்டாம், சீக்கிரம் பற்றி அடங்கும் தீ வேண்டும். பறையை அதன் மேல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் அங்கே மட்டும் தோல் வெந்து சுருங்கும், பிறகு விளிம்பில் பசை விட்டுக்கொள்ளும் அல்லது தோலே கிழியும். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். 'பொத்' என்றது 'டொம்' ஆகும், 'டொம்' மெல்ல 'டங்' ஆகும். 'டங்' வந்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் ஏற்றலாமே என்ற ஆசையில்தான் தோல்கள் கிழிகின்றன.

எங்கள் குழுவில் காய்ச்சும் வேலையைப் புதியவர்களிடம் கொடுப்பதே இல்லை. அடிக்கத் தெரிந்து வெகுநாள் ஆன பிறகுதான் மாஸ்டர் என்னிடம் ஒரு பறையை நீட்டி, "காய்ச்சிட்டு வாங்கக்கா" என்றார். முதல் மேடையைவிட அன்றைக்குத்தான் எனக்குக் கை நடுங்கியது.

மாடியில் வசிப்பவர்கள் நெருப்பு மூட்ட முடியாது. கேஸ் அடுப்பில் காட்டாதீர்கள், சூடு ஒரே இடத்தில் குவியும். வெயில் இருந்தால் வெயிலே போதும். இல்லாவிட்டால் தலைமுடி உலர்த்தும் டிரையரைத் தள்ளிப் பிடித்து, பொறுமையாக முகம் முழுக்கக் காட்டுங்கள். பார்த்தால் சிரிப்பு வரும். வேலை நடக்கும்.

11.11.2024

டிரையர் விஷயம் மாஸ்டருக்குத் தெரியுமா என்றால், ஆமாம், சொல்லிவிட்டேன். இரண்டு நாளாகப் பேசவில்லை.

24.11.2024

பெண்கள் அடிக்கலாமா என்று இன்னும் கேட்கிறார்கள், அதுவும் பெண்களே. எங்கள் திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு எவ்வளவோ காலமாக கிராமத்துப் பெண்களுக்குப் பறை கற்றுக்கொடுத்து மேடை ஏற்றுகிறது. அதற்கு முன்னால் பறையைப் பெண்கள் தொட்டு அடிக்கும் வழக்கம் பொதுவாக இல்லை என்பது உண்மை. இப்போது சென்னை வகுப்புகளில் நிறையப் பெண்கள். உடை பற்றி ஒரு யோசனை: துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுகக் கட்டுங்கள். சும்மா விட்டால் சிண்டுக்குச்சி அதில் சிக்கும், சரியாகத் தீம் விழ வேண்டிய இடத்தில்.

19.01.2025

பொங்கலுக்குச் சென்னை சங்கமம் நாட்டுப்புறக் கலை விழாவில் ஒரு குழுவைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜூனில் எழுதியதோடு சேர்த்துச் சொல்ல ஒன்று இருக்கிறது.

நானும் இத்தனை நாள் கை, கால், வாய் என்று ஒவ்வொருவரின் உடம்பையே பேசிக்கொண்டிருந்தேன். அங்கே பார்த்தது வேறு. முன்னால் நிற்பவர் அடி மாற்றப் போகிறார் என்பது பின்வரிசைக்கு எப்படித் தெரிகிறது? அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உற்றுக் கவனித்தால் மாற்றத்துக்கு முந்தைய சுற்றில் தோளைக் கொஞ்சம் இறக்குகிறார், அடியில் ஒரு சின்ன வெட்டு வைக்கிறார். அவ்வளவுதான், இருபது பேரும் ஒன்றாகத் திரும்பிக் குனிந்து எழுந்து அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள்.

அதைத் தனியாக வீட்டில் பழகவே முடியாது. அலமாரிக் கதவு தோளை இறக்காது. வகுப்பில் பக்கத்து ஆளுடைய அடியைக் கேட்டுக்கொண்டே அடிப்பது என்பதற்கு நான் இன்னும் கஷ்டப்படுகிறேன். என் அடி சரியாக விழுகிறதா என்று குனிந்து பறையையே பார்க்கிற பழக்கம். மாஸ்டர் என் தாடையைக் குச்சியால் தொட்டு மேலே தூக்குவார். நிமிர்ந்து பார்த்தால் அடி போகும், அடியைப் பார்த்தால் வரிசை போகும். இரண்டும் இருக்கிற நாள் எப்போதாவது வருகிறது. அன்றைக்கு மூன்று அடிக்கு மேல் எதுவுமே தேவையில்லை என்று தோன்றுகிறது. உங்கள் நண்பர் வேறு ஏதோ அர்த்தத்தில் சொல்லியிருந்தாலும்.

26.01.2025

பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ! வகுப்பில் இன்று பாடமே நடக்கவில்லை, ஒரே ஆரவாரம். மாஸ்டர் மட்டும் வெகுநேரம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். யாரிடம் என்று கேட்டேன். அண்ணனாம். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

09.03.2025

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்திருக்கிறார். ஆறு மாதமாக வகுப்புக்குப் போகிறாராம், நல்லது. வேகம் வரவில்லை என்று வருத்தப்படுகிறார். வேகத்தை விடுங்கள். 'தீம் த கு'வை உங்களால் எவ்வளவு மெதுவாக அடிக்க முடிகிறது? மெதுவாக அடித்தால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் வெற்றிடம் பெரிதாகும், அங்கே கால் தடுமாறும். எல்லோரும் அந்தத் தடுமாற்றத்தை மறைக்கத்தான் வேகத்துக்கு ஓடுகிறோம். வகுப்பில் மூத்தவர்களைக் கவனியுங்கள், பயிற்சியில் அவர்கள்தான் மெதுவாக அடிப்பார்கள்.

சொந்தப் பறை வாங்கலாமா என்றால், இப்போது வாங்கலாம். மாஸ்டரைக் கூட்டிப்போய் அவர் தட்டிப் பார்த்ததை வாங்குங்கள்.

16.03.2025

சிண்டுக்குச்சி அடிக்கடி ஒடிகிறது என்பதற்கு: இரண்டு காரணம். ஒன்று, நுனியால் அடிக்கிறீர்கள், சட்டத்தின் விளிம்பில் பட்டு ஒடிகிறது. 09.06.2024 குறிப்பைப் பாருங்கள். இரண்டு, குச்சி காய்ந்துவிட்டது. கணு இல்லாத மூங்கில் துண்டாகப் பார்த்து நீங்களே சீவிக்கொள்ளலாம். பிடிக்கும் பக்கம் கொஞ்சம் தடிமன், அங்கிருந்து நுனிவரை ஒரே சீராக மெலிய வேண்டும். ஓரத்தை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் தோலை அறுக்கும். ஒடிந்ததற்கு டேப் சுற்றி ஒட்டப் பார்க்காதீர்கள், வளையாது. பையில் எப்போதும் இரண்டு உபரி இருக்கட்டும். பக்கத்து ஆள் ஒன்றைக் கேட்பார், திருப்பித் தரமாட்டார்.